எஞ்சின் இல்லாமல் நீர் இறைக்கும் சுவர்

அடிலெய்டில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனுக்குப் பழைய கல்வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க வேண்டும் என்று பல நாள் ஆசை. நகரத்துக்குள் அவன் கையில் இருக்கும் காசுக்குக் கார் நிறுத்தும் கொட்டகைதான் கிடைக்கும். அதனால் வடக்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தள்ளி, புர்ரா என்ற பழைய செம்புச் சுரங்க ஊரில் தேடிக்கொண்டிருந்தான். நான் அங்கே போயிருந்த சமயம் ஒரு சனிக்கிழமை காலை என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

வீடு சின்னது. முன்னால் இரண்டு அறை, பின்னால் சாய்ப்பாக இறக்கிய சமையலறை, தகரக் கூரை, அரை மீட்டர் கனத்தில் கற்சுவர். விற்பதற்காக உள்ளே பளிச்சென்று வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாடை இன்னும் போகவில்லை. தம்பி கணப்படுப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். என் கண் தரைக்குப் போயிற்று. சுவரோரமாகக் கோலமாவு சிந்தியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு மேலே, இடுப்பு உயரத்தில், பெயிண்ட் அப்பளம்போல் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். நொறுங்கிக் கொட்டியது.

"மழைத்தண்ணி இறங்கியிருக்கும்ணே" என்றான்.

மழைத்தண்ணீர் இறங்கினால் மேல்சுவர்தானே முதலில் கெட வேண்டும்? கூரையை ஒட்டிய பகுதி வறட்டியாகக் காய்ந்திருந்தது. மேலும், இது மழைக்குப் பெயர்போன ஊரும் இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக 400 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சென்னையில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 1864-65 வறட்சிக்குப் பிறகு ஜார்ஜ் காய்டர் என்ற தலைமை நில அளவையாளர் குதிரையேறிச் சுற்றிவந்து, "இந்தக் கோட்டுக்கு அப்பால் பயிர் வைத்தால் மழை கைவிடும்" என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு புர்ரா பக்கமாகத்தான் போகிறது. கோட்டைத் தாண்டிப் போய்க் கோதுமை விதைத்துத் தோற்றவர்களின் கூரையில்லாத கல்வீடுகள் இன்றும் அந்த வெளியில் நிற்கின்றன. மிட்நைட் ஆயில் என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவின் 1987-ஆம் ஆண்டு இசைத்தட்டு உறையில் இருப்பதும் புர்ராவுக்கு வெளியே நிற்கும் ஒரு பாழ்வீடுதான்.

வேதாரண்யத்தில் எங்கள் வீட்டுச் சுவரும் இப்படித்தான் பொரியும். அங்கே உப்பளம் கூப்பிடு தூரம். ஏன் என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. கடல் கண்ணுக்கெட்டாத, காற்றில் உதடு வெடிக்கிற ஊரில் ஒரு சுவர் எப்படி ஈரத்தால் கெடும்?

தெற்கு ஆஸ்திரேலியாவில் இந்த நோய்க்குத் தனிப்பெயரே உண்டு: சால்ட் டேம்ப். மற்ற இடங்களில் வெறும் ஓதம் என்பார்கள். இங்கே உப்பையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நம் கொத்தனார்களும் "ஓதம் ஏறுது" என்பார்கள், "உப்பு பூத்திருக்கு" என்பார்கள். இரண்டையும் சேர்த்து 'உப்போதம்' என்று வைத்துக்கொள்வோம். பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. தண்ணீர் இங்கே சுமைதூக்கி மட்டும்தான். இடிப்பது அது சுமந்து வருகிற உப்பு.

முதலில் தண்ணீர் ஏன் ஏறுகிறது?

வேட்டி நுனி வாசலில் தேங்கிய நீரில் பட்டால் சற்று நேரத்தில் கணுக்கால் வரை ஈரம் ஏறியிருக்கும். அகல் விளக்கில் எண்ணெய் திரி வழியே மேலே போகிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றே. நீருக்குப் பஞ்சு, கல், செங்கல், மண் போன்றவற்றின் மேல் ஒட்டிப் படரும் இயல்பு உண்டு. இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால், ஓரத்தில் ஒட்டி ஏறும் நீர் தன் பின்னால் இருக்கும் நீரையும் இழுத்துக்கொண்டு போகும். பாடநூலில் இதை நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்போம். புழை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும் என்ற விதியை ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1718-இல் கண்ணாடிக் குழாய்களை நீரில் நிறுத்திவைத்துக் காட்டினார்.

கல்லும் செங்கலும் கண்ணுக்குத்தான் கெட்டி. உள்ளே ஒன்றோடொன்று இணைந்த புழைகள் நிறைந்திருக்கின்றன. புழையின் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஜூரினின் விதிப்படி நீர் ஏறக்குறைய 15 மீட்டர் ஏற வேண்டும், நாலைந்து மாடி உயரம்.

ஊரின் வரலாற்றை நினைத்தால் இது வேடிக்கையாக இருக்கும். 1845-இல் ஆடு மேய்த்தவர்கள் இங்கே செம்புப் பாறையைக் கண்டார்கள். 20,000 ஏக்கரை 20,000 பவுனுக்கு மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும் என்றது அரசு. அடிலெய்டின் பெரிய மனிதர்கள் ஒரு கட்சி, கடைக்காரர்கள் ஒரு கட்சி. தனித்தனியாகக் கட்ட முடியாமல் கூட்டாகப் பணம் கட்டி, நிலத்தை இரண்டாகப் பிரித்துச் சீட்டுப் போட்டார்கள். கடைக்காரர்களுக்கு விழுந்த வடக்குப் பாதியில்தான் செம்பில் பெரும்பகுதி இருந்தது. 1877-இல் மூடும்வரை சுமார் 50,000 டன் எடுத்தார்கள். எந்த ஆழச் சுரங்கத்திலும்போல் அங்கேயும் ஓயாத தொல்லை ஊற்றுநீர். அதை இறைக்க இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த தொழிலாளிகள் தங்கள் ஊர் நீராவி எஞ்சின்களை நிறுத்தினார்கள். அவற்றில் ஒன்று இருந்த கட்டடம் இப்போது அருங்காட்சியகம். இதே கார்ன்வால்காரர்கள்தான் பின்னால் கோலார் தங்கவயலுக்கும் வந்து, வட ஆற்காட்டிலிருந்து போன நம்மவர்களோடு குழிக்குள் இறங்கினார்கள்.

ஆக, மேட்டில் விறகையும் கரியையும் எரித்து எஞ்சின் நீர் இறைத்துக்கொண்டிருந்தபோது, கீழே குடியிருப்பில் ஒவ்வொரு சுவரும் சத்தமில்லாமல் அதே வேலையை இலவசமாகச் செய்துகொண்டிருந்தது.

அந்தக் குடியிருப்புகள் கட்டப்பட்ட அவசரத்தையும் சொல்ல வேண்டும். செம்பு கிடைத்த ஆறே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்துவிட, 1851 வாக்கில் சுமார் 1,800 பேர் ஓடைக் கரையைக் குடைந்து வளைகளில் வாழ்ந்தார்கள். அந்த ஆண்டு ஓடையில் வெள்ளம் வந்து பலரைத் துரத்தியது. சுரங்க நிறுவனம் 1849-இலிருந்து 1852-க்குள் 33 வீடுகளை வரிசையாகக் கட்டியது. பேக்ஸ்டன் சதுக்கம் என்று இன்றும் நிற்கின்றன. பக்கத்தில் கிடைத்த கல், கல்லை ஒட்ட மண்சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. அந்தக் காலத்து வீடுகளில் அடித்தளத்துக்கும் சுவருக்கும் நடுவே நம் கொத்தனார் 'டி.பி.சி.' என்று சொல்கிற ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. அந்த வழக்கம் பரவவே பல பத்தாண்டுகள் ஆயின. கல் நேரடியாக மண்ணில் கால் வைத்து நின்றது.

15 மீட்டர் ஏற வேண்டிய நீர் ஏன் இடுப்பளவில் நின்றது? இந்தக் கேள்வியில்தான் எனக்கு ருசி அதிகம்.

சுவர் கீழே குடிக்கிறது. பக்கவாட்டில் மூச்சாக விடுகிறது. இரண்டு முகங்களிலும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஏற ஏற ஈரமான பரப்பு கூடுவதால் ஆவியாகும் அளவும் கூடும். தூரம் கூடக் கூட மேலே இழுக்கும் வேகமோ குறையும். வரவும் செலவும் சமமாகும் உயரத்தில் ஈரம் நின்றுவிடும். தரையிலிருந்து முக்கால் மீட்டர், ஒரு மீட்டர், சில சுவர்களில் இன்னும் கொஞ்சம். கிறிஸ்டஃபர் ஹால், வில்லியம் ஹாஃப் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2007-இல் இந்த வரவு செலவைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். சமன்பாடு நமக்கு வேண்டாம். அது சொல்கிற மூன்று செய்திகள் போதும். சுவர் கனமானால் ஈரம் உயரம் போகும். ஆவியாதல் குறைந்தாலும் உயரம் போகும். மூன்றாவதுதான் புர்ராவின் புதிரை அவிழ்க்கிறது: வறண்ட காற்றில் ஈரம் ஏறும் உயரம் குறையும், ஆனால் சுவர் வழியாகக் கடந்து போகும் நீரின் மொத்த அளவு கூடும்.

திரும்ப நினைத்துப் பாருங்கள். ஈரமான ஊரில் சுவர் நனைந்தபடி சும்மா நிற்கிறது. காய்ந்த ஊரில் அது வேலை செய்கிறது. உறிஞ்சி உறிஞ்சி விடுகிறது. தொட்டால் ஈரம் தெரியாது, ஏனென்றால் வந்த நீர் போய்விட்டது. நீரோடு வந்ததில் எது போகவில்லையோ, அது அங்கேயே இருக்கிறது.

நல்ல வெயிலில் நின்ற போக்குவரத்துக் காவலரின் சட்டையில், வியர்வை காய்ந்த ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருக்கும். வியர்வை உப்பு சட்டை முழுக்கச் சீராகப் படியாமல் ஓரத்தில்தான் சேரும். சுவரோரம் நான் பார்த்த கோடும் அப்படிச் சேர்ந்து உதிர்ந்த உப்புதான்.

இந்த வறண்ட நிலத்தில் உப்பு எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு, கடல் காற்றோடும் மழையோடும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் துளித்துளியாக வந்து இறங்கியது. மழை கொட்டும் நாடாக இருந்தால் ஆறு வழியே கழுவிக் கடலுக்கே திருப்பியிருக்கும். இங்கே கழுவ நீர் இல்லாததால் மண்ணிலேயே தங்கிவிட்டது. இன்னொரு பங்கு மனிதர்களுடையது. தொழுவமும் குழிக் கழிப்பறையும் இருந்த இடங்களில் மண் நைட்ரேட் உப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும். பழைய சுவர்களிலும் தொழுவ மண்ணிலும் வெடியுப்பு சுரண்டி எடுத்த காலம் நமக்கும் உண்டு.

உப்பு இருந்துவிட்டுப் போகட்டும், அது எப்படிக் கல்லை உடைக்கும்? சமையலறை உப்பு ஜாடியை உடைப்பதில்லையே.

உப்பு கற்களை அரிக்கிறது என்பதை மனிதர்கள் மிகப் பழைய காலத்திலேயே கண்டிருக்கிறார்கள். எகிப்தில் நிலத்திலிருந்து பொங்கும் உப்பு பிரமிடுகளையே கெடுக்கிறது என்று ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரார் என்ற பிரெஞ்சுக்காரர், கட்டடக் கல் பனியில் வெடிக்குமா என்று அறிய ஒரு குறுக்குவழி கண்டார். கல்லைச் சோடியம் சல்பேட் கரைசலில் ஊறவைத்துக் காயவைப்பது. நல்ல கல் தாங்கும். மட்டமான கல் உதிரும். 1828-இல் வெளியான இந்த முறையின் வாரிசுகள் இன்றைக்கும் கல் தரச்சோதனையில் இருக்கின்றன. நூறு பனிக்காலம் செய்வதைச் சில நாட்களில் செய்ய அவர் தேர்ந்தெடுத்தது உப்பை என்பதைக் கவனியுங்கள். புர்ராவின் சுவர்கள் அந்தச் சோதனையில் 170 ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கின்றன.

வளரும் படிகம் உண்மையில் தள்ளுமா என்ற சந்தேகம் அறிவியலாளர்களுக்கும் இருந்தது. 1905-இல் ஜார்ஜ் பெக்கர், ஆர்தர் டே என்ற அமெரிக்கர்கள் படிகாரக் கரைசலில் வளரும் படிகத்தின் தலையில் எடைக்கல்லை வைத்துப் பார்த்தார்கள். படிகம் எடையைத் தூக்கிக்கொண்டு வளர்ந்தது. அடியில் நசுங்கியிருக்கும் பக்கத்தில் புதிய படிவு எப்படிப் போய்ச் சேர்ந்தது? படிகத்துக்கும் அதைத் தடுக்கும் பரப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று விடாமல் இருக்கிறது. படிகமும் கல்லும் ஒன்றையொன்று நெருங்க விடாமல் விலக்கிக்கொள்கின்றன. அந்தப் படலம் வழியாகவே உப்பு உள்ளே வந்து சேர, படிகம் கல்லை முட்டித் தள்ளியபடி வளர்கிறது.

ஆனால் சாதாரணமாகத் தெவிட்டிய கரைசல் இதற்குப் போதாது. கரைக்க முடிந்த அளவுக்கும் மேலே உப்பைச் சுமந்துகொண்டிருக்கும் கரைசல் வேண்டும். வேதியியலில் அதிதெவிட்டிய கரைசல் என்பார்கள். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் கண்டக்டர் இன்னும் ஆள் ஏற்றுகிற நிலை. வேகமாக உலரும் சுவரில் இந்த நிலை சட்டென்று வந்துவிடும். கல் எவ்வளவு பாரத்தையும் தலையில் தாங்கும். உள்ளிருந்து பிளக்கும் இழுவைக்கு மட்டும் அது கோழை. புழைக்குள் படிகம் கொடுப்பது அந்த இழுவைதான்.

சோடியம் சல்பேட் இந்தக் கூட்டத்தில் ரவுடி. உலர்ந்த வடிவத்திலிருந்து நீரை ஏற்ற வடிவத்துக்கு மாறும்போது அதன் பருமன் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. சாப்பாட்டு உப்பு இன்னொரு வகையில் தொல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை வாங்கிக் கரைந்துவிடும். கீழே இறங்கினால் திரும்பவும் படிகமாகும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அதுதான். இரவில் குளிர்ந்து ஈரமேறி, பகலில் காயும் ஊரில் இந்தக் கரைதலும் உறைதலும் மண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் ஏறாமலே நடக்கும்.

இனி, அந்த வீட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் விஷயம். படிகம் எங்கே உருவாகிறது? நீர் சுவரின் வெளிப்பரப்புக்கு வந்து அங்கே ஆவியானால் உப்பு வெளியே வெள்ளையாகப் பூக்கும். இது உப்புப் பூத்தல். துடைப்பத்தால் பெருக்கிவிடலாம். சுவருக்கு ஒன்றும் ஆகாது. நீர் பரப்புக்கு வந்துசேரும் முன்பே, உள்ளே சில மில்லிமீட்டர் ஆழத்தில் ஆவியானால், உப்பு புழைக்குள்ளேயே படிகமாகும். இதை உட்பூப்பு என்று சொல்லலாம். கண்ணில் படாது. ஒருநாள் மேல்தோல் பாளம் பாளமாகக் கழன்று விழும்போதுதான் தெரியும். வெளியே பூப்பதைப் பார்த்துப் பதறுகிறோம். பதற வேண்டியது பூக்காமல் உப்பும் சுவரைப் பார்த்து.

அந்த வீட்டில் கீழே ஒரு மீட்டர் உயரத்துக்கு யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். உப்பிய பெயிண்ட் சரியாக அந்தச் சிமெண்டின் மேல்விளிம்புக்கு மேலே இருந்தது. முந்தைய உரிமையாளர் கெட்டிக்கார மனிதர் என்றுதான் நினைத்திருப்பார்: சுவர் உதிர்கிறது, கெட்டியான ஒன்றைப் பூசு, மேலே நீர் புகாத பெயிண்டை அடி. ஹாலும் ஹாஃபும் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒரு முகத்தை அடைத்தால் ஆவியாதல் பாதியாகும். ஈரம் ஏறும் உயரம் ஏறக்குறைய 1.4 மடங்காகும். முக்கால் மீட்டரில் நின்றது ஒரு மீட்டரைத் தாண்டிப்போய், சிமெண்டுக்கு மேலே மூச்சு விட இடம் தேடும். அங்கே புதிதாகப் பொரியும். அடுத்து வருகிறவர் இன்னும் அரை மீட்டர் சிமெண்டை உயர்த்துவார். தென் ஆஸ்திரேலியாவில் அடுத்தடுத்த தலைமுறைகளின் சிமெண்ட் கோடுகளை ஒரே சுவரில் படிக்கட்டுபோல் பார்க்கலாம் என்பார்கள்.

சிமெண்ட் பொல்லாத பொருள் என்று சொல்லவரவில்லை. ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியபின் உலகம் அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் மண்சாந்துச் சுவருக்கு அது ஒவ்வாத சம்பந்தம். சாந்து கல்லைவிடக் கெட்டியாக, கல்லைவிடப் புழை குறைவாக இருந்தால், நீர் சாந்தை விட்டுக் கல் வழியாக வெளியேறும். உப்பும் கல்லில்தான் இறங்கும். சில வீடுகளில் கல்லெல்லாம் குழிந்து உதிர்ந்துபோய், நடுவே சிமெண்ட் சாந்து மட்டும் தேன்கூட்டுச் சட்டம்போல் துருத்திக்கொண்டு நிற்கும். நோயாளி போய்விட்டார், கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

வீடு வாங்குகிறவர் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? தம்பி வரவழைத்த ஆய்வாளர் இரண்டு முள் கொண்ட சின்னக் கருவியைச் சுவரில் குத்தினார். அது கீச்சென்று கத்தியது. "ஈரம் மிக அதிகம்" என்று அறிக்கையில் எழுதினார். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தக் கருவி ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு முள்ளுக்கும் நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று பார்த்து, மரத்துக்குப் போட்ட அளவுகோலில் ஈரம் என்று காட்டுகிறது. உப்பிருந்தால் கொஞ்ச ஈரத்திலேயே மின்சாரம் நன்றாகப் போகும். ஏறக்குறையக் காய்ந்த சுவரிலும் கத்தும். அதை நம்பித் தேவையில்லாத வைத்தியத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

நம்பகமான வழி கொஞ்சம் முரட்டுத்தனமானது. மெதுவாகச் சுற்றும் டிரில்லால் தரையிலிருந்து மேல்நோக்கிப் பல உயரங்களில் துளையிட்டு, உள்ளிருந்து வரும் பொடியை மூடிவைத்து எடுக்க வேண்டும். எடை போட்டு, உலையில் உலர்த்தி, மறுபடி எடை போட்டால் நீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பிறகு அதே பொடியை 75 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டியில் வைத்தால் உப்பு காற்றிலிருந்து எவ்வளவு நீரை வாங்குகிறது என்று தெரியும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம்தான் மண்ணிலிருந்து வந்த நீர். உயரம் ஏற ஏற அது சீராகக் குறைந்தால் ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். அப்படிக் குறையாமல், நடுவில் எங்காவது எகிறினால் குழாய்க் கசிவைத் தேடலாம். இடத்திலேயே பார்க்க இன்னொரு வழி உண்டு. பொடியைக் கால்சியம் கார்பைடோடு ஒரு மூடிய குப்பியில் குலுக்குவார்கள். நீர் பட்டால் கார்பைடு அசெட்டிலீன் வாயுவை விடும். வாயுவின் அழுத்தம் நீரின் அளவைச் சொல்லும். மாம்பழத்தைக் களவாகப் பழுக்கவைக்கிற அதே கார்பைடு கல்தான். ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளின் தொப்பி விளக்கு எரிந்ததும் இந்த வாயுவால்தான்.

தம்பி அந்த வெள்ளைப் பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைக்கப் போனான். கையைத் தட்டிவிட்டேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். 1970-க்கு முன் கட்டிய ஆஸ்திரேலிய வீடு என்றாலே அந்தச் சந்தேகத்தோடுதான் சுரண்ட வேண்டும், அதுவும் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. வராந்தாப் பெயிண்டிலிருந்து குழந்தைகளுக்கு ஈய நஞ்சேறுகிறது என்று 1904-லேயே பிரிஸ்பேன் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் எச்சரித்தார். சுரங்க ஊரில் வானத்திலிருந்து வரும் தூசியும் கணக்கில் உண்டு. புர்ரா வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையில் இருக்கும் புரோக்கன் ஹில்லில் எடுப்பது ஈயமும் துத்தநாகமும். அங்கே பழைய வீட்டுக் கூரைக்குமேல் நூறாண்டுத் தூசி படிந்திருக்கும்; மச்சுப் பலகையைக் கழற்றினால் தலையில் கொட்டும்.     

சுவருக்குத் திரும்புவோம். வைத்தியம் என்ன?

தடுப்புப் படலம் இல்லாத சுவருக்குப் புதிதாக ஒன்றை நுழைப்பது ஒரு வழி. தெற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்செட்டிங் என்று ஒரு பழைய கைவேலை இருக்கிறது. சுவரின் அடிப்பகுதியைச் சிறு சிறு துண்டாக வெட்டி எடுத்துவிட்டு, ஈரத்தடுப்புப் படலம் வைத்துப் புதுக்கல்லால் கட்டி, அது இறுகியபின் பக்கத்துத் துண்டுக்குப் போவார்கள். மேலே வீடு அப்படியே நிற்கும். செலவு கண்ணைக் கட்டும், ஆனால் கெட்ட கல்லும் உப்பும் சேர்ந்தே வெளியே போய்விடும். மலிவான வழி, சுவரில் துளை போட்டு நீரை விலக்கும் சிலிகோன் வகைப் பசையைச் செலுத்துவது. சீரான செங்கல் சுவரில் அது பரவும். புர்ராவின் சுவர் அப்படி இல்லை. வெளியே ஒரு கல்முகம், உள்ளே ஒரு கல்முகம், நடுவே மண்ணும் கல்சில்லும் அள்ளிப் போட்ட நிரப்பு. பசை எந்தச் சந்தில் போகும், எதை விட்டுவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இரண்டையும்விட முதலில் செய்ய வேண்டியது சிமெண்டைக் கொத்தி எடுப்பது. பிறகு பற்று. தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போடுவதுபோல், காகிதக்கூழும் களிமண்ணும் நீரும் குழைத்துச் சுவரில் அப்புவார்கள். உப்பு கரைந்து பற்றுக்குள் வரும். பற்று காய்ந்ததும் உப்போடு உரித்துப் போடலாம். இரண்டு மூன்று முறை. அதன்பின் சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு. சுண்ணாம்புப் பூச்சு மெதுவாகக் காற்றின் கார்பன் டை ஆக்சைடை வாங்கி இறுகும். இறுகினாலும் கல்லைவிட மென்மையாக, புழைகள் திறந்து இருக்கும். நீர் அதன் வழியாக வெளியே வரும். உப்பு கல்லை விட்டுப் பூச்சுக்குள் வந்து படிகமாகும். சில ஆண்டுகளில் பூச்சு பொரிந்து விழும். அப்படி விழுவதுதான் அதன் உத்தியோகம். இதைப் பலிப்பூச்சு என்கிறேன். வேதாரண்யத்தில் அப்பா பொங்கலுக்குப் பொங்கல் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு வெள்ளையடித்துக்கொண்டிருந்தது இதைத்தான். நாங்கள் அதைச் சடங்கு என்று நினைத்து, பின்னால் வசதி வந்ததும் பிளாஸ்டிக் பெயிண்டுக்கு மாறினோம். சுவர் அப்புறம்தான் நிஜமாகக் கெட்டது.

"சிமெண்டை எடுத்த உடனே பூசிடலாமாண்ணே?"

"காய விடணும். அங்குலத்துக்கு ஒரு மாசம்னு ஒரு கைக்கணக்கு."

சுவர் கனத்தைக் கையால் அளந்து பார்த்தான். பதினெட்டு அங்குலம். "ஒன்றரை வருஷமா? அதுவரை வெறும் கல்லா நிக்குமா?"

அப்போதுதான் நாங்கள் வெளியே வந்து வீட்டைச் சுற்றினோம். பின்பக்க மூலையில் தகரக் கூரையின் நீர் முழுவதையும் இறக்கும் குழாய், முழங்கால் உயரத்தில் துருப்பிடித்து முறிந்து, வாயைச் சுவருக்கே திருப்பி வைத்திருந்தது. அதன் அடியில் மட்டும் அந்த வறண்ட ஊரில் பச்சையாகப் புல். பக்கத்தில் சுவரை ஒட்டியே ஒரு பூப்பாத்தி வேறு. ஈரம் ஏறிய பகுதி மற்ற இடங்களைவிட அங்கேதான் உயரம்.

பேரத்தில் கொஞ்சம் குறைத்து வீட்டை வாங்கிவிட்டான். கையெழுத்தான மறுநாள் போன் செய்தான், கடையில் நின்றுகொண்டிருந்தான். பெயிண்ட் பக்கம் போகவில்லையாம். பத்தடிக் குழாயும் ஒரு முழங்கையும் வாங்கியிருந்தான், மண்வெட்டி பக்கத்து வீட்டில் இரவல்.